பத்து மீட்டர் குழாயும் ஏழு மாதமும்

என் ஆராய்ச்சியைப் பற்றி அம்மா ஒருமுறை கேட்டாள். "நீளமா ஒரு டியூப், அதுக்குள்ள ரெண்டு தண்ணியைச் சேர்த்து விட்டா அந்தப் பக்கம் பொடி வரும்" என்றேன். "வந்துச்சா?" என்றாள். அப்போது ஆறாவது மாதம். பதில் சொல்லாமல் பேச்சை மாற்றிவிட்டேன். இந்த வேலையைத் தொடங்கும்போது எங்கள் துறையில் குழாய் உலை, அதாவது ஓடுகிற குழாய்க்குள்ளேயே வினையை நடத்தும் அமைப்பு, கட்டியவர் ஒருவர்கூட இல்லை. ஆய்வுக் கட்டுரைகளில் ஒரு அழகான படம் இருக்கும்: இரண்டு பம்ப், ஒரு டீ (இரண்டு ஓட்டத்தை ஒன்றாகச் சேர்க்கும் T வடிவ இணைப்பு), சுருட்டிய குழாய், ஒரு பாட்டில். அந்தப் படத்தை நம்பித்தான் இறங்கினேன். ப்ராஜெக்ட் பணம் ஐம்பதாயிரத்துக்கு மேல், என் கைக்காசு இருபதாயிரத்துச் சொச்சம், ஏழு மாதம், எல்லாம் போனபிறகுதான் அந்தப் படத்தில் வரையாமல் விட்டவை எவை என்று தெரிந்தது.

நான் செய்ய வேண்டியிருந்தது கால்சியம் கார்பனேட் நுண்துகள். பற்பசை, காகிதம், பெயின்ட், மாத்திரை எல்லாவற்றிலும் போகிற அதே வெள்ளைப் பொடிதான். கால்சியம் குளோரைடு கரைசலையும் சோடியம் கார்பனேட் கரைசலையும் சேர்த்தால் வீழ்படிவு வந்துவிடும், பள்ளிக்கூடப் பிள்ளைகளே செய்வார்கள். எல்லாத் துகளும் ஒரே அளவில் வர வேண்டும் என்றால்தான் பாடு. பீக்கரில் ஸ்டிரர் போட்டு, ப்யூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டுத்தான் முதலில் செய்தேன். முதல் சொட்டு விழும்போது பீக்கரில் துகளே இல்லை. கடைசிச் சொட்டு விழும்போது ஏற்கெனவே பிறந்தவை கோடிக்கணக்கில் மிதக்கின்றன. முதலில் பிறந்தது பெருத்துக்கொண்டே போகும், நடுவில் புதிதாகவும் பிறக்கும். 100 மில்லிக்கு ஒரு மாதிரி வந்தது, அதே கணக்கில் 1 லிட்டருக்குச் செய்தால் வேறு மாதிரி வந்தது. துகள்கள் எல்லாம் ஒரே வெடிப்பில் பிறந்து, அதன்பின் வளர மட்டும் செய்தால்தான் அளவு ஒன்றாக இருக்கும் என்பது 1950இலேயே லாமர், டினேகர் என்ற இரு விஞ்ஞானிகள் சொன்னது. பீக்கரில் அந்த ஒரு வெடிப்பு கிடைப்பது அபூர்வம்.

குழாயில் அது கிடைக்கும் என்பதுதான் ஆசை. எல்லாத் துளியும் ஒரே இடத்தில் கலந்து, ஒரே வழியாக, ஒரே நேரம் பயணம் செய்து வெளியே வரும். இன்னொரு லாபமும் உண்டு. குழாயில் தூரம்தான் நேரம். கலந்த இடத்திலிருந்து 10 சென்டிமீட்டரில் பார்த்தால் வினை தொடங்கி மூன்று நொடி, 1 மீட்டரில் பார்த்தால் அரை நிமிடம். கடிகாரமே வேண்டாம். கேம்பிரிட்ஜில் ஹார்ட்ரிட்ஜ், ரஃப்டன் என்ற இரு விஞ்ஞானிகள் 1923இல் ஹீமோகுளோபினும் ஆக்ஸிஜனும் சேரும் வேகத்தை இப்படித்தான் அளந்தார்கள். ஆயிரத்தில் சில பங்கு நொடியில் முடிகிற வினையை, ஓடுகிற குழாயின் ஓரிடத்தில் நின்று நிதானமாகப் பார்த்தார்கள். இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

முதல் தவறு பம்ப்பில். பட்ஜெட்டுக்குள் வந்தது என்று 18,500 ரூபாய்க்கு ஒரு பெரிஸ்டால்டிக் பம்ப் வாங்கினோம். உருளைகள் சிலிகான் டியூபை நசுக்கி நசுக்கித் தள்ளுகிற வகை. ஒவ்வோர் உருளை விலகும்போதும் ஓட்டம் ஒரு நொடி தயங்கும். அளவுஜாடியில் பிடித்தால் நிமிடத்துக்கு இவ்வளவு என்று சரியாகத்தான் காட்டும், அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஒருநாள் விளையாட்டாக ஒரு பக்கம் சிவப்பு மை கலந்த தண்ணீர், மறுபக்கம் வெறும் தண்ணீர் ஓட்டினேன். குழாயில் சிவப்பு, வெள்ளை, சிவப்பு, வெள்ளை என்று பட்டை பட்டையாகப் போனது. அதாவது இரண்டு மாதமாக என் கால்சியமும் கார்பனேட்டும் ஒன்றோடொன்று கலக்கவில்லை, முறைவைத்துக்கொண்டு மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தன! எந்தப் பம்ப் வாங்கினாலும் வேதிப்பொருளைத் தொடுவதற்கு முன்னால் மைத்தண்ணீர் ஓட்டிப் பாருங்கள். பத்து ரூபாய் மை, அரை மணி நேரம்.

பிறகு சிரிஞ்ச் பம்ப். புதிது கட்டுப்படியாகவில்லை. பழைய மருத்துவக் கருவிகள் விற்கும் கடை ஒன்றில், ஐசியுவில் மருந்து ஏற்றப் பயன்படும் சிரிஞ்ச் பம்ப் ஜோடி 14,000க்குக் கிடைத்தது, இது என் பணம். இதைச் சிபாரிசு செய்கிறேன், ஆனால் ஒரு எச்சரிக்கையோடு. இந்தப் பம்ப் தண்டை எவ்வளவு தூரம் தள்ளுகிறது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். சிரிஞ்சின் உள்விட்டத்தை, நாம் மெனுவில் தேர்ந்தெடுக்கிற கம்பெனி பெயரை வைத்து அதுவே கணக்குப் போட்டுக்கொள்ளும். நான் ஒரு பம்ப்பில் தவறான பெயரை வைத்திருந்தேன். இரண்டும் மணிக்கு 30 மில்லி என்றே திரையில் காட்டின. வெளியே வருவதைத் தராசில் பத்து நிமிடம் பிடித்துப் பார்த்தால் ஒன்று 5.0 கிராம், இன்னொன்று 4.5. பத்து சதவீதம் கார்பனேட் குறைந்திருக்கிறது, நான் படிக வளர்ச்சியில் ஏதோ புதுமை கண்டுவிட்டதாகக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இப்போது தினமும் காலையில் தராசில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

சரி, ஓட்டம் சீரானது. பிடிஎஃப்இ (டெஃப்லான்) குழாய், உள்விட்டம் 0.8 மில்லிமீட்டர், நீளம் 10 மீட்டர். கொள்ளளவு சுமார் 5 மில்லி. இரண்டு பக்கமும் நிமிடத்துக்கு அரை மில்லி, ஆகத் துளி உள்ளே தங்கும் நேரம் ஐந்து நிமிடம். ஒரு சனிக்கிழமை மாலை, ஆய்வகத்தில் யாரும் இல்லை, ஓட விட்டேன். பதினோராவது நிமிடம் பம்ப் கதறியது. மருத்துவமனையில் நோயாளியின் கையில் ஊசி அடைத்துக்கொண்டால் அடிக்கிற அதே அலாரம். வாட்ச்மேன் அண்ணன் படியேறி ஓடிவந்து, "என்னம்மா, யாருக்கு என்ன ஆச்சு?" என்றார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, டீயில் சுண்ணாம்பு கட்டிவிட்டது. சென்னையில் போர் தண்ணீர் வருகிற வீட்டில் ஷவரைக் கழற்றிப் பார்த்திருப்பீர்களே, அதே உப்புக் கறைதான். அங்கே வருஷக்கணக்கில் கட்டுவது எனக்குப் பதினோரு நிமிடத்தில் கட்டியது.

அடைப்பை எடுக்கப் போய் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சிரிஞ்சில் எடுத்துக் கையாலேயே தள்ளினேன். அமிலம் பட்டால் கார்பனேட் கரைந்து கார்பன் டை ஆக்ஸைடு வரும் என்று தெரியாமலில்லை. முன்பக்கம் அடைப்பு, பின்பக்கம் என் கட்டைவிரல். வாயு எங்கே போகும்? குழாயை இணைப்பில் இறுக்கிப் பிடிக்கும் ஃபெரூல் வளையம் பிய்த்துக்கொண்டு பறந்தது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது, துப்பட்டாவில் மட்டும் ஓட்டை. அடைத்த துண்டைக் கழற்றி, இரண்டு முனையும் திறந்திருக்கும்படி நீர்த்த அமிலத்தில் போட்டு ராத்திரி முழுக்க ஊற விட்டால் போதும். அவசரமென்றால் அந்த இரண்டு சென்டிமீட்டரை வெட்டி எறிந்துவிடுங்கள், குழாய் அவ்வளவு விலை இல்லை. டீதான் விலை, ஒன்று 2,400. அப்புறம் அந்த அலாரத்தை முதலில் வெறுத்தேன், இப்போது அழுத்த வரம்பை இன்னும் குறைத்து வைத்திருக்கிறேன். அடைப்பு முழுதாகக் கட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுகிறது.

ஏன் டீயிலேயே கட்டுகிறது? ஒரு ராத்திரி குழாயைக் கறுப்புத் தாள்மேல் வைத்து, பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். குழாயின் நடுவில் நூல் போல ஒரு வெள்ளைக் கோடு. இருபுறமும் தெளிந்த தண்ணீர். இரண்டு கரைசலும் அக்கம்பக்கமாக, சண்டைக்காரப் பங்காளிகள் மாதிரி, முகம் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தன. தொட்டுக்கொள்கிற கோட்டில் மட்டும் வீழ்படிவு. கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் உறைத்தது. என் ஓட்டம் நொடிக்கு 3.3 சென்டிமீட்டர், ஓட்டம் சீராகப் போகுமா குழம்புமா என்று சொல்லும் ரெனால்ட்ஸ் எண் 30கூட இல்லை. குழாயில் ஓட்டம் குழம்பிச் சுழல அது 2,000ஐத் தாண்ட வேண்டும். சுழற்சி இல்லையென்றால் மூலக்கூறுகள் தானாகப் பரவித்தான் கலக்க வேண்டும், அரைக் குழாய் அகலம், அதாவது 0.4 மில்லிமீட்டர் பரவவே ஏறக்குறைய 80 நொடி. அதற்குள் திரவம் இரண்டரை மீட்டர் தாண்டியிருக்கும். ஒரே இடத்தில் கலந்து ஒரே வெடிப்பில் பிறக்கும் என்று நான் கட்டிய கோட்டை, இரண்டரை மீட்டருக்கு இழுபட்டுக் கிடந்தது. குழாய் உலை வாங்குகிறவர்கள் குழாயின் நீளத்தைப் பற்றியே யோசிக்கிறார்கள், நானும் அப்படித்தான். முதல் ஐந்து சென்டிமீட்டரைத்தான் யோசிக்க வேண்டும். துளை 0.5 மில்லிமீட்டர் இருக்கிற டீக்கு மாறினேன். மிகவும் குறுக்கிவிடவும் முடியாது: ஓட்டம் அதேதான், விட்டத்தைப் பாதியாக்கினால் தள்ள வேண்டிய அழுத்தம் பதினாறு மடங்கு, மருத்துவமனைப் பம்ப் கையை விரித்துவிடும்.

கலப்பு நன்றாக இருக்கிறதா என்று பார்க்க அயோடைடு–அயோடேட் சோதனை ஒன்று இருக்கிறது, வில்லர்மோ–டுஷ்மன் என்பார்கள். போரேட் கரைசலில் இவை இரண்டையும் போட்டு, இன்னொரு பக்கம் கொஞ்சம் அமிலம் விட வேண்டும். கலப்பு வேகமாக நடந்தால் போரேட்டே அமிலத்தை விழுங்கிவிடும், நிறம் வராது. மெதுவாக நடந்தால் ஆங்காங்கே அமிலம் தேங்கி அயோடின் பிறந்து மஞ்சளாகும். 353 நானோமீட்டரில் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்த்தால் எண்ணாகவே கிடைக்கும். பழைய டீயில் எலுமிச்சை ஜூஸ் நிறம், புதிய டீயில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாத அளவு. இதில் எதுவும் வீழ்படிவாவதில்லை, எதுவும் அடைக்காது. முதல் வாரத்தில் செய்திருக்க வேண்டியதை ஐந்தாம் மாதம் செய்தேன்.

இதற்கு நடுவில் ஆன பெரிய அடி வேறு. அதை எழுத இன்னும் கூச்சமாக இருக்கிறது. தினமும் மாலை ஐந்து மணிக்கு ஓட்டம் முடியும். வெளியே வந்த பால் போன்ற தண்ணீரை பாட்டிலில் மூடி வைத்துவிட்டு விடுதிக்குப் போவேன். மறுநாள் காலை வடிகட்டி, உலர்த்தி, எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு அனுப்புவேன். ஒரு மாதிரிக்கு 900 ரூபாய், இருபத்தேழு மாதிரி. படத்தில் எல்லாம் சாய்ந்த கனசதுரம் போலக் கூரான விளிம்போடு, பார்க்க அவ்வளவு அழகு. படிக வகையைச் சொல்லும் எக்ஸ்ரே சோதனையான எக்ஸ்ஆர்டியும் சுத்தமான கால்சைட் என்றது, கால்சியம் கார்பனேட் படிகங்களில் மிக நிலையான வகை அது. குழாயில் தங்கும் நேரத்தை ஒரு நிமிடம், ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று மாற்றினாலும் அதே கால்சைட். ஒரு கருத்தரங்கில் போஸ்டர் முன்னால் நின்றபோது, வயதான பேராசிரியர் ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "குழாயை விட்டு வெளியே வந்தப்புறம் எவ்வளவு நேரம் தண்ணியில இருந்துச்சும்மா?" என்றார். பதினைந்து மணி நேரம். கால்சியம் கார்பனேட் முதலில் உருவமில்லாத துகளாக வரும், பிறகு பெரும்பாலும் வாட்டரைட் என்ற உருண்டையான படிக வகை, அது தண்ணீரிலேயே கிடந்தால் சில மணி நேரத்தில் கரைந்து கால்சைட்டாக மாறிவிடும். ஐந்து நிமிட வினையைப் படிப்பதாக நினைத்து, இருபத்தேழு முறை ஒரு ராத்திரியைப் படம் பிடித்திருக்கிறேன். அன்று மாலை கேன்டீனில் டீயை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் குழாய் முனையை நேராக எத்தனாலில் விட்டு, உடனே உறிஞ்சி வடிகட்டி, திரும்ப எத்தனாலில் கழுவினேன். உருண்டைகள் வந்தன. குழாய்க்கு வெளியே வினையை எப்படி நிறுத்துவீர்கள் என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் குழாயே வாங்காதீர்கள்.

கலப்பு சரி, நிறுத்துவதும் சரி, ஆனால் அளவு இன்னும் பரந்துதான் இருந்தது. இங்கே மறுபடி மை கைகொடுத்தது. ஓடுகிற வெறும் தண்ணீரில் ஒரு சொட்டு மையை ஊசியால் ஏற்றி மறுமுனையில் காத்திருந்தேன். ஐந்தாவது நிமிடம் வர வேண்டியது, 3 நிமிடம் 40 நொடியிலேயே லேசாகத் தலைகாட்டியது. எட்டு நிமிடம் ஆகியும் வெளிறிய நீலம் முழுதாகப் போகவில்லை. காவிரியில் இறங்கியவர்களுக்கு இது தெரிந்ததுதான், நடு ஆற்றில் இழுக்கும், கரையோரம் தேங்கும். சுழற்சி இல்லாத ஓட்டத்தில் குழாயின் நடுவே வேகம் சராசரியைப் போல இரண்டு மடங்கு, சுவரில் பூஜ்யம். ஜி. ஐ. டெய்லர் என்ற ஆங்கிலேய இயற்பியலாளர் 1953இல் இந்தப் பரவலுக்குக் கணக்கு எழுதிவிட்டார். மையாவது குறுக்கே பரவி ஓரளவு சமமாகிக்கொள்ளும், துகள் அதைவிடப் பன்மடங்கு மெதுவாகப் பரவுவதால் சுவரோரம் மாட்டியது மாட்டியதுதான். அது அங்கேயே வளர்ந்து, பெருத்து, ஒட்டி, அடுத்த அடைப்புக்கு அஸ்திவாரம் போடும். குழாயைப் பென்சில் அளவு கம்பியில் இறுக்கிச் சுற்றினால் வளைவில் ஒரு சிறு சுழற்சி பிறந்து கொஞ்சம் சமன் செய்கிறது. செய்து பாருங்கள், செலவில்லாத வைத்தியம். ஆனால் அது மட்டும் போதவில்லை.

தீர்வு, துண்டு துண்டாக ஓட்டுவது. ரத்தப் பரிசோதனைக் கருவிக்காக ஸ்கெக்ஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1957இலேயே குழாயில் காற்றுக்குமிழ் விட்டு மாதிரிகளைப் பிரித்து வைத்தார். வீழ்படிவுத் துகளுக்கு இதையே சுவிட்சர்லாந்தின் லொசானில் ஒரு குழு நீரோடு கலக்காத திரவம் கொண்டு செய்திருக்கிறது. நீர்த்துளி, எண்ணெய், நீர்த்துளி, எண்ணெய் என்று ரயில்பெட்டி போல வரிசையாகப் போகும். ஒவ்வொரு துளியும் ஒரு குட்டி பீக்கர். எண்ணெய் பிடிஎஃப்இ சுவரில் படிந்துகொள்வதால் நீர் சுவரைத் தொடுவதே இல்லை, ஆகவே ஒட்டுவதில்லை. போகிற போக்கில் துளிக்குள்ளேயே சுழற்சி நடந்து கலப்பும் நன்றாக நடக்கும். காற்றை முதலில் முயன்றேன், அது அமுங்கி விரிந்து ஓட்டத்தை ஆட்டியது. அப்புறம் மண்ணெண்ணெய். ஊரிலிருந்து அம்மா ஒரு பாட்டில் ரேஷன் மண்ணெண்ணெய் கொடுத்தனுப்பினாள். ரேஷன் எண்ணெயில் நீலச் சாயம் போடுவார்கள் என்பது, பொடியெல்லாம் லேசாக நீலமாக வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. கடைசியில் டோடெக்கேன் என்ற நிறமில்லாத எண்ணெய் வாங்கினேன், விலை அதிகம், ஆனால் மேலே தனியாக மிதப்பதால் பிரித்தெடுத்துத் திரும்பத் திரும்ப ஓட்டலாம். இங்கேயும் மூன்று வாரம் போனது, காரணம் எண்ணெய் சேரும் இடத்தில் நான் வைத்திருந்த எஃகு டீ. எஃகை நீர் நனைக்கும், அதனால் துளி அறுபடாமல் சுவரில் வழிந்து போனது. பிடிஎஃப்இ டீ போட்ட அன்றே, மணி மணியாக, பிள்ளையாருக்கு அருகம்புல் கோத்த மாதிரி சீராக வந்தன. நான் கைதட்டினேன், பக்கத்து மேஜை ஜூனியர் பயந்துவிட்டாள். இரண்டு கரைசலும் சேர்ந்த உடனே, வீழ்படிவு தெரிய ஆரம்பிக்கும் முன்பே எண்ணெய் வந்து வெட்ட வேண்டும். இடையில் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் விட்டால் பழைய கதைதான்.

வினையைப் படிக்க வருகிறவர்களுக்கு ஒன்று. நேரத்தை மாற்ற ஓட்டத்தை மாற்றாதீர்கள், குழாயின் நீளத்தை மாற்றுங்கள். ஓட்டத்தைக் குறைத்தால் கலப்பும் கூடவே கெட்டுப்போகும், பிறகு எது எதனால் வந்தது என்று பிரிக்கவே முடியாது. நான் 0.5, 1, 2, 5, 10 மீட்டர் என்று ஐந்து துண்டுகள் வெட்டி, முனையில் கலர் டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். ஒலியதிர்வால் தண்ணீரை உலுக்கும் அல்ட்ராசோனிக் தொட்டியில் குழாயைப் போட்டால் அடைக்காது என்பார்கள், உண்மைதான். ஆனால் ஒரு மணி நேரத்தில் தொட்டித் தண்ணீர் தொட்டால் சுடுகிற அளவுக்குப் போய்விடுகிறது, சூடு மாறினால் எந்த வகைப் படிகம் வரும் என்பதும் மாறும். ஐஸ் போட்டுச் சமாளிக்கலாம், எனக்குப் பொறுமை இல்லை.

கடைசியாக, எவ்வளவு பொடி வரும் என்பதை முதல் நாளே பேப்பரில் போட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் கரைசலின் செறிவு 0.05 மோலார், நிமிடத்துக்கு அரை அரை மில்லி என்றால் கிடைப்பது நிமிடத்துக்கு 2.5 மில்லிகிராம், மணிக்கு 150. ஒரு டீஸ்பூன் பொடிக்கு இரண்டு மூன்று நாள் முழுநேர வேலை. குழாயைப் பெரிதாக்கினால் மேலே சொன்ன எல்லாத் தொல்லையும் திரும்பி வரும், அதனால் அதே அளவுக் குழாய்களைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்குவதுதான் வழி. அப்படி ஒரே பம்ப்பிலிருந்து நான்காகப் பிரித்தேன், ஒன்று அடைத்தால் அதன் பங்கு மற்ற மூன்றுக்குப் போகிறது, அலாரமும் அடிப்பதில்லை. ஆளுக்கொரு பம்ப் வாங்கப் பணம் இல்லை. இன்னொரு கல்லூரியில் சோதித்துப் பார்க்க 50 கிராம் கேட்டிருக்கிறார்கள் என்று சார் ஜனவரியில் சொன்னார். இன்று காலை வரை 9 கிராம் ஆகியிருக்கிறது.